பள்ளிகொண்டாவில் நீ இறங்கியது

சிநேகிதனே,

நேற்று வேலூர் லாங் பஜாரில் ஒரு மளிகைக் கடைச் சுவரில் பசை காயாத நோட்டீஸ் ஒன்றைப் பார்த்தேன். சைக்கிள் பந்தயமாம். ஆம்பூரிலிருந்து வேலூர்க் கோட்டை மைதானம் வரையாம். நம்முடைய அதே பாதை. கீழே சிறிய எழுத்தில், "வழியில் மூன்று இடங்களில் குடிதண்ணீர் வழங்கப்படும்" என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். கைவண்டிக்காரன் இரண்டு தரம் அதட்டிவிட்டுப் போனான். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு, "இன்னா சார், நீங்களும் ஓட்டப் போறீங்களா?" என்று சிரித்தார். தலை நரைத்த ஒருவன் சைக்கிள் பந்தய நோட்டீஸைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நான் சிரிக்கவில்லை. வாங்க வந்த சாமானை வாங்காமலே ராணிப்பேட்டைக்குத் திரும்பிவிட்டேன்.

நீ போய் நாலு மாதமாகிறது. செத்தவனிடம் சண்டை போடக்கூடாது என்பார்கள். உயிரோடிருந்தபோது நீ என்னோடு சண்டை போட்டதே இல்லை. நான் கத்துவேன், நீ பீடியைப் பற்றவைத்துக்கொள்வாய். இன்றைக்காவது முழுதாகக் கேள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நமக்கு இருபத்தாறு வயது. ஆம்பூரில் ஒரே தோல் மண்டியில் நான் கணக்கெழுத்து, நீ தோல் தரம் பிரிக்கிறவன். தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து விரலால் ஒரு தரம் வழித்தால் போதும், அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவாய். நான் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் வரை போனவன். நீ நாலாவதோடு நின்றவன். ஊருக்குப் போய்விட்ட பாதிரியார் ஒருவரின் பழைய சைக்கிளை நீ வாங்கி, மட்கார்டையும் விளக்கு மாட்டும் கம்பியையும் கழற்றி எறிந்து, எலும்புக்கூடு மாதிரி ஆக்கி வைத்திருந்தாய். விடியற்காலையில் பாலாற்றங்கரையோடு மாதனூர் வரை போய் வருவோம். கால் பெடலிலிருந்து நழுவாமல் இருக்கக் கழிவுத் தோலில் வார் வெட்டி, பக்கிள் வைத்து, நம் இருவர் சைக்கிளுக்கும் நீதான் தைத்தாய். "பூட்டிக்கினா சைக்கிளும் நீயும் ஒண்ணுடா, கீழ விழுந்தா ரெண்டும் சேந்துதான் விழும்" என்பாய்.

பந்தய அறிவிப்பு வந்தபோது அமெச்சூர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். எனக்குத்தான் அர்த்தம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உனக்கு விளக்கினேன்: கூலிக்கு ஓட்டாதவன், ஆசைக்கு ஓட்டுகிறவன். "அப்ப நாமதான்" என்றாய். இங்கிலீஷில் நானே விண்ணப்பம் எழுதினேன். நம் இருவரையும் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இங்கிலீஷைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பார்கள். ஆளைப் பார்த்த பிறகு அனுப்பிவிட அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு பேர். நமக்குக் கடைசி இரண்டு எண்கள். ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் காலை ஏழு மணிக்கு நிற்கச் சொன்னார்கள். கொடி அசைக்க வேண்டிய துரை சாவகாசமாக எழுந்து, சாவகாசமாகச் சாப்பிட்டு, பத்து மணிக்கு வந்தார். மாசி மாதக் கடைசி. மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். காத்திருந்த நேரத்தில்தான் பந்தயக் கமிட்டியின் காரியதரிசி நம்மைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். குரலை உயர்த்தாமல் அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"தப்பா நெனைக்காதீங்கப்பா. பள்ளிகொண்டாவுல தண்ணிப் பந்தல் போட்டிருக்கோம். மத்தவங்களுக்கு ஓட்டத்துலயே டம்ளரைக் கைல குடுத்துடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் எதிர்ல புளியமரத்தாண்ட எறங்கிக்கங்க. தனியா பானை வெச்சிருக்கு. ஆள் ஊத்துவான்."

"எறங்கினா நேரம் போய்டுமே சார். கால் கட்டிக் கீது" என்றாய் நீ.

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஊர்ல சொல்றாங்க."

யாருமே எதையும் சொல்வதில்லை. எப்போதும் ஊர்தான் சொல்கிறது. தோல் மண்டியில் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்கூட மண்டியைத் தாண்டிவிட்டால் ஊராகிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் ஒரே தகப்பனுக்குப் பிள்ளைகள் என்று பிரசங்கம் செய்த பாதிரி ஐயரும் அன்றைக்கு ஸ்டேஷனில்தான் நின்றிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். "ஓட விட்டாங்களே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்றார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

திரும்பி வந்து உன்னிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் குடிக்கறதில்ல. செத்தாலும் எறங்கறதில்ல. இன்னா சொல்ற?"

"சரிடா. முப்பது மைல்தானே. காலைல ஏதாவது துன்னியா?"

"துன்னேன்" என்றேன். பொய். பந்தயத்துக்கு முன் வயிறு காலியாக இருந்தால் உடம்பு லேசாக இருக்கும் என்று ஏதோ ஒரு சீமைப் பத்திரிகையில் படித்து, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். படித்தவன் பண்ணுகிற தப்பு அது. நீ விடிந்ததும் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு வந்திருந்தாய்.

மாதனூர் வருவதற்குள் நீ முதல் ஆள். கப்பி ரோட்டில் உன் சைக்கிள் ஒரு தரம்கூடத் துள்ளாமல் போயிற்று. உனக்குப் பின்னால் நூறு கெஜத்தில் நான். எனக்குப் பின்னால் வேலூர் வக்கீல் ஒருவரின் மகன், புதுச் சீமை சைக்கிளில். மற்றவர்கள் எங்கேயோ. கொஞ்ச நேரத்துக்கு நாம் இருவர்தான் அந்த ரோட்டுக்கு எஜமானர்கள். தோல் பதனிடும் பட்டை ஏற்றிய வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு வண்டிக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "நம்ப பசங்கடா" என்று ஒருவன் கத்தியது காதில் விழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு வெயில் ஏறியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உன் முதுகு இரண்டாகத் தெரிந்தது. நீ அடிக்கடி திரும்பிப் பார்த்தாய். வக்கீல் மகன் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று பார்க்கிறாய் என்றே நினைத்தேன்.

பள்ளிகொண்டா பந்தல் தெரிந்தது. பித்தளை டம்ளர்கள் வரிசையாகத் தட்டில் மின்னின. எதிரே புளியமரம், அதன் கீழே மண்பானை, மூங்கில் குழாயோடு ஒருவன். நீ அதைத் தாண்டிப் போய்விடுவாய் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நீ வேகத்தைக் குறைத்தாய். குனிந்து பக்கிளை அவிழ்த்தாய், ஒரு கால், மறு கால். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாய். அவன் எட்டி நின்று குழாயில் ஊற்றினான். தண்ணீர் உன் முழங்கை வழியாக மண்ணில் ஒழுகியது.

நான் கிட்டே வரும்போது நீ ஈர முகத்தோடு நிமிர்ந்து, "டே, வாடா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போவலாம்" என்றாய்.

நான் நிற்கவில்லை. "நல்லாக் குடி. அப்படியே அவன் காலையும் கழுவி உட்டுட்டு வா" என்றேன்.

வக்கீல் மகன் டம்ளரை வாங்கி, இரண்டு மடக்குக் குடித்து, ரோட்டிலேயே வீசிவிட்டுப் போனான். அவன் வீசிய டம்ளரை ஓடிப்போய் ஒருவன் பொறுக்கினான். இதெல்லாம் திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது. அதற்குப் பிறகும் நீ எழுந்திருக்கவில்லை. நான் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த சில மைல்கள் நான்தான் முதல். கோபத்தில் மிதித்தேன். பொய்கை ஊரைத் தாண்டுவதற்குள் கோபம் மிச்சமிருந்தது, கால் இல்லை. வாரோடு சேர்ந்து பள்ளத்தில் சாய்ந்தேன். நீ சொன்னது போல சைக்கிளும் நானும் ஒன்றாகத்தான் விழுந்தோம். வக்கீல் மகன் போனான். இன்னும் இருவர் போனார்கள். நீ வந்தாய். சைக்கிளை நிறுத்தாமல் மெதுவாக்கி, "அடி பட்டிச்சா?" என்று கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "போடா" என்றேன். போனாய்.

வேலூர் எல்லையில் கொணவட்டம் வருவதற்குள் அந்த இருவரையும் நீ தாண்டிவிட்டாயாம். மைதானத்தில் வக்கீல் மகனுக்கு ஒரு சக்கர நீளம் பின்னால் வந்தாயாம். ஒரே ஒரு சக்கரம். பக்கிளை அவிழ்க்கவும் மாட்டவும் ஆகிற நேரத்தில் நூறு சக்கரம் உருண்டிருக்கும். மறுநாள் பேப்பரில் முதல் பரிசுக்காரனின் பெயர், தகப்பன் பெயர், தாத்தா பெயர் எல்லாம் இருந்தன. இரண்டாவதாக வந்தது "ஆம்பூர் தோல் மண்டி ஆள் ஒருவன்."

பட்டை வண்டியில் படுத்துக்கொண்டு நான் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது நீ பரிசுக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாய். எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "ஊத்தறான்னா கை நீட்டிடுவியா? உங்கப்பன் நீட்டினான், உங்க தாத்தன் நீட்டினான், நீயும் நீட்டறியா? அடிமைப் புத்திடா உனக்கு."

நீ சொன்னது ஒரே சொல்.

"தாகம்டா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டேன் என்பதை இப்போது எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்த வாரமே கமிட்டிக்கு ஒரு மகஜர் எழுதினேன். நாலு பக்கம், சுத்தமான இங்கிலீஷ். உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "பேஜார் எதுக்குடா? அடுத்த வருஷமும் ஓட்டணும்ல" என்றாய். என் ஒருவன் கையெழுத்தோடு அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த வருஷம் விதிகளில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: கையால் உழைத்துக் கூலி வாங்குகிறவன் அமெச்சூர் ஆகமாட்டான். கணக்கெழுதும் எனக்கு அதனால் தடையில்லை. தோல் புரட்டும் உனக்குத்தான் கதவை அடைத்தார்கள். என் மகஜர் உன் தலையில் விடிந்தது. சைக்கிளுக்கு மறுபடி மட்கார்டு மாட்டினாய், அவ்வளவுதான். உன் மௌனத்தையும் அடிமைப் புத்தியின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். ராணிப்பேட்டையில் வேலை கிடைத்ததும் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனேன். பதினாறு வருஷம். கல்யாணம், சாவுகளில் பார்த்தால் தலையசைப்பு, அதோடு சரி.

உன் சாவுச் செய்தி வந்ததும் ஆம்பூருக்கு வந்தேன். எட்டாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின் உன் மனைவி எனக்குச் சோறு போட்டாள். அந்தப் பந்தயத்தை நான்தான் எடுத்தேன். செத்த பிறகும் உன்னைக் குறை சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. "பள்ளிகொண்டாவுல மட்டும் அவன் எறங்காம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா அண்ணே? அவருக்குத் தாகமே இல்லியாம். திரும்பித் திரும்பிப் பாத்தாராம், நீங்க கண்ணு சொருகி ரோட்டுல இப்பிடியும் அப்பிடியும் போய்க்கினு இருந்தீங்களாம். 'அவன் ஒருத்தனா எறங்க மாட்டான்டி, மானம் போய்டும்னு நெனைப்பான். நான் மொதல்ல எறங்கி உக்காந்துட்டா அவனும் வந்து உக்காருவான், அப்ப ரெண்டு பேருக்கும்தானே மானம் போவும்'னு சொல்லுவாரு."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'சொன்னா அவன் தாங்க மாட்டான், உட்டுடு'ன்னாரு."

பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினேன்.

நான் தாங்கமாட்டேன் என்று தீர்மானிக்க நீ யார்? உன் முதல் பரிசை எனக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? "தாகம்டா" என்று ஒரு பொய்யை மைதானத்தில் போட்டுவிட்டு, ஊர் சிரிக்க நின்று, நான் உன்னை அடிமை என்று சொல்லவிட்டு, பதினாறு வருஷம் அதை நான் சொல்லிக்கொண்டே திரியவிட்டு, ஒரு நாள் காய்ச்சலில் படுத்துப் போய்விட்டாய். ஒரு கார்டு போட்டிருக்கலாம். நாலாவது வரை படித்தவனுக்கு ஒரு வரி எழுத வராதா? என்னைத் திட்டியாவது எழுதியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்திருப்போம்.

காரியதரிசி மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. ஐயர் மேல் இருப்பதற்கும் இருக்கிறது. அந்த முகங்களை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். உன் மேலிருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ செய்தது சரி. அதனால்தான் ஆறவில்லை. நாம் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவன் நீ, அந்த வாக்கை எனக்காக உடைத்தவனும் நீ. வாக்கைக் காப்பாற்றிய நான் உன்னைத் தாண்டிப் போனேன்.

ராணிப்பேட்டையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இவர் யார் வீட்டிலும் தண்ணீர் தொடமாட்டார், அவ்வளவு ரோஷக்காரர் என்பார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் வறண்ட தொண்டையோடு வீடு திரும்புகிறவன் நான். இப்போதெல்லாம் வெள்ளி டம்ளரில்கூடக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வேண்டாம் என்கிறேன். நேற்றுவரை அதை ரோஷம் என்று நானும் நம்பினேன். அந்த நோட்டீஸின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது: ஒருவன் தன் கையைக் குவித்துக் காட்டி என்னைக் குடிக்கக் கூப்பிட்டான், நான் போகவில்லை. அதற்குப் பிறகு எவர் நீட்டும் தண்ணீரையும் வாங்குவதற்கு எனக்குக் கை வரவில்லை.