சாளை வயிற்றில் இருந்தது

தூத்துக்குடி
12.1.1997

அன்புள்ள அத்தானுக்கு,

பிரிஸ்கில்லா எழுதுவது. நலம். பெலிக்ஸ் அண்ணன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கிறிஸ்துமஸ் லீவில் பார்த்து முடிக்கலாமென்று நான் திண்டுக்கல்லுக்கு எடுத்துவந்து அங்கேயே விட்டுவந்த பாட்டில்கள் அத்தனையும் காலி. கழுவிக் காயவைத்து அனுப்பியிருக்கிறீர்கள். உள்ளே இருந்தவை என் ஆய்வுக்காக ஜூலை முதல் டிசம்பர் வரை பிடித்த சாளை, நெத்திலிகளின் வயிறுகள். யார் கொட்டியது?

பிரிஸ்கில்லா

திண்டுக்கல்
17.1.1997

பிரிஸ்கில்லாவுக்கு,

கொட்டியது நான்தான். புது வருஷத்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். “ஏலே, அவ ஊருக்குப் போயும் இந்த நாத்தம் போகலையே” என்று நத்தத்திலிருந்து வந்த அம்மா சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. ஸ்கூல் விட்டு வந்து நானே உலை வைக்கிறேன். மீன் என்ன தின்றது என்று நீ அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் என்ன தின்றேன் என்று ஒரு கடிதத்திலாவது கேட்டதுண்டா?

சின்னாளபட்டிப் பள்ளியில் உனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் வந்து சேர்.

ஸ்டீபன்ராஜ்

தூத்துக்குடி
24.1.1997

அத்தானுக்கு,

எங்கே கொட்டினீர்கள்? அது பார்மலின், விஷம். கிணற்றடியில் என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அத்தையிடமும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாளையின் செவுளில் சீப்புப் பல் போல நெருக்கமாக முள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசித்துகளைக்கூட அதில் வடிகட்டித் தின்றுவிடும். நெத்திலி அதைவிடப் பெரிய மிதவைப் பூச்சிகளைப் பார்த்துப் பார்த்துக் கொத்தும். கடலில் மிதக்கும் இரையின் அளவு மாறினால் ஒரு மீன் கொழுக்கும், இன்னொன்று மெலியும். கரையோர வீடுகளில் அந்த வருஷம் அடுப்பு எரிவதும் எரியாததும் அதைப் பொறுத்தது. போன வருஷத்துக் கடல் அந்தப் பாட்டில்களில்தான் இருந்தது. இனி எந்த வலை போட்டாலும் அது கிடைக்காது.

வேலைக்கு வரமாட்டேன் என்று சின்னாளபட்டித் தலைமையாசிரியைக்கு நானே எழுதிவிட்டேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்காதது தப்புதான். நீங்களும் ஒருமுறை இங்கு வந்து பார்த்திருக்கலாம்.

பிரிஸ்கில்லா

திண்டுக்கல்
2.2.1997

பிரிஸ்கில்லா,

கொட்டியது சாக்கடையில். யாரும் சாகவில்லை.

தலைமையாசிரியை கூப்பிட்டு, “உங்க வீட்டம்மா உங்களக் கேக்காமயே எழுதிருக்காங்களே சார்” என்றார். அந்த அறையில் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். ஈஸ்டருக்குள் நீ வந்தால் இது உன் வீடு. வராவிட்டால் உன் துணிமணியையும் பெலிக்ஸிடமே கொடுத்தனுப்புகிறேன். சமாதானம் பேச உன் அப்பாவை அனுப்பாதே.

ஸ்டீபன்ராஜ்

தூத்துக்குடி
9.11.1999

திரு. ஸ்டீபன்ராஜ் அவர்களுக்கு,

துணிமணி வந்து சேர்ந்ததற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது.

நேற்று என் ஆய்வின் வாய்மொழித் தேர்வு முடிந்தது. அடுத்த இரண்டு வருஷமும் படகுத்துறைக்குப் போய் மறுபடி மீன் சேர்த்தேன். அந்த ஆறு மாதங்களுக்கு மட்டும் அட்டவணையில் வெறும் கோடு போட்டிருக்கிறேன்.

தேர்வாளர் அதில் விரல் வைத்து, “இங்க என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். அறை நிறைய ஆட்கள். அப்பாவும் பின்வரிசையில் இருந்தார்.

“சாம்பிள் கெட்டுப்போச்சு சார், என் கவனக்குறைவு” என்றேன்.

உங்கள் மனைவியாக நான் செய்த கடைசிக் காரியம் அது.

பிரிஸ்கில்லா