ஒரு பெண்ணுக்குத்தான் இடம்

யோக்யகர்த்தா
14 மார்ச் 1998

அன்புள்ள உத்தாரி,

ஆறு மாதமாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ராட்டர்டாம் குளிரில் விரல் மரத்துவிட்டதா? கலைக்கல்லூரி விடுதியில் உன்னோடு ஒரே பாயில் படுத்தவளுக்கு இதற்குமேல் கோபிக்கத் தெரியவில்லை.

போன வாரம் உங்கள் ஊர் மாரிகே அம்மாள் வந்திருந்தார். பெரிய ஆசியக் கண்காட்சிக்கு ஓவியர்களைத் தேடுகிறாராம். என் வீட்டுக்காரர் ஹர்கோவின் படங்களைப் பார்க்கத்தான் வந்தார். பின்கட்டில் காய்ந்துகொண்டிருந்த என் படத்தின் முன் நின்றுவிட்டார். அரிசிச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, வீட்டுவேலைக்கு வெளிநாடு போகும் பெண்களின் வரிசையை வரைந்திருக்கிறேன்.

"இது யார் வரஞ்சது?"

ஹர்கோ சிரித்தார். "எங்க வீட்டம்மாதான். சமையல் முடிஞ்சா இப்படி ஏதாச்சும் பண்ணிட்டிருப்பா."

"ஆமா, சமையலும் நான்தான், சாக்கும் நான்தான். உங்களுக்கு எதுல உப்பு கம்மி?" என்றேன். அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கேட்டபடி என் படங்களின் புகைப்படங்களை அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரிந்தவராயிற்றே, ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் வெனிங்

ராட்டர்டாம்
2 மே 1998

அன்பு வெனிங்,

வேலை தலைக்குமேல், அதனால்தான் எழுதவில்லை. மாரிகேயிடம் பேசினேன். இடம் மிகக் குறைவாம். ரொம்ப எதிர்பார்க்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உத்தாரி

யோக்யகர்த்தா
9 நவம்பர் 1998

அன்புள்ள உத்தாரி,

கண்காட்சிப் புத்தகத்தை ஹர்கோவின் நண்பர் கொண்டுவந்தார். நம் நாட்டிலிருந்து ஏழு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் நீ! அக்கம்பக்கமெல்லாம் ஓடிக் காட்டினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ஆங்கிலத்தில் இருந்த உன் பக்கத்தை மகள் வாசித்துச் சொன்னாள். 'இவரோடு படித்த பெண்கள் எல்லோருமே திருமணத்துக்குப் பின் வரைவதை விட்டுவிட்டார்கள்.'

"அம்மா, இது உன்னையுமா சொல்றாங்க?" என்றாள்.

அந்த வரி அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, உத்தாரி?

வெனிங்

ராட்டர்டாம்
17 ஜனவரி 1999

வெனிங்,

என்னிடமிருந்துதான்.

மாரிகே உன் படங்களை மேசையில் பரப்பிவைத்திருந்தார். "உங்க நாட்டுலேருந்து ஒரு பெண்ணுக்குத்தான் இடம். இவங்களா நீங்களான்னு யோசிக்கிறேன். இவங்க தொடர்ந்து வரையறவங்கதானா?" என்று கேட்டார்.

பதினொரு வருடமாய் இந்த ஊரில் பகலில் பள்ளிக்கூடங்களைப் பெருக்கித் துடைத்து, மிச்ச நேரத்தில் வரைந்தவள் நான். "கல்யாணத்துக்கப்புறம் அவ விட்டுட்டா. இது ஏதோ ஆசைக்குச் செஞ்சிருப்பா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

ஏழு ஆண்களில் யாரையும் இன்னொருவரோடு நிறுத்தி அளக்கவில்லை. நம்மைத்தான் அளந்தார்கள். அந்த அளவுகோலை நானும் பிடித்துக் கொடுத்தேன். மன்னிப்பாயா?

உத்தாரி

யோக்யகர்த்தா
8 பிப்ரவரி 1999

உத்தாரி,

ஒரே இடம் வைத்தது அவர்கள் தப்பு. என்னை இல்லாதவளாக்கியது உன் தப்பு. ஹர்கோ சொன்னபோது நான் அங்கே நின்றிருந்தேன், பதிலுக்குப் பேசினேன். நீ சொன்னபோது நான் அங்கே இல்லை.

மாரிகேக்கு உண்மையை எழுது. எழுதிய பிறகு எனக்கு எழுது. அதுவரை வேண்டாம்.

வெனிங்

ராட்டர்டாம்
22 செப்டம்பர் 2003

அன்புள்ள வெனிங்,

இந்த நான்கரை வருடத்தில் எத்தனையோ முறை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கண்காட்சி எனக்காகக் காத்திருந்தது. அது முடியட்டும், இது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். போன மாதம்தான் மாரிகேக்கு எழுதினேன். கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அவர் ஜூனிலேயே இறந்துவிட்டாராம்.

ஆகவே, நீ கேட்டதைச் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதம் எழுதவும் எனக்கு உரிமையில்லை.

நேற்று டிராம் நிறுத்தத்தில், என் கையிலிருந்த ஓவியச் சுருளைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டு ஒருவர் பேச்சுக்கொடுத்தார். சிங்கப்பூரில் ஓர் அறை முழுக்கச் சாக்கில் வரைந்த ஓவியங்கள் பார்த்தாராம்.

"வெனிங்னு பேரு. உங்க ஊர்க்காரங்கதானே, தெரியுமா?"

"என்கூடப் படிச்சவ. ஒருநாளும் வரையறத விடாதவ" என்றேன்.

சொல்லிவிட்டேன், வெனிங். பேர்கூடத் தெரியாத ஒருவரிடம். அவர் தலையாட்டிவிட்டு, வந்த டிராமில் ஏறிப் போய்விட்டார்.

உத்தாரி