ஜூனோவை நிறுத்தியவளுக்கு

அடியே,

நாளை மறுநாள் பொங்கல். கராஜிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினேன். மூன்று வருஷமாகப் புளி, எலுமிச்சை, வினிகர் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று, கோழிக்கொழுப்பு வாசனை போகவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லையாம். எனக்குத் தெரிகிறதே! முட்டைகூட வாசல் தாண்டாத வீட்டு அண்டாவில் நாய்க்கு சூப் வைத்தவள் நீ. "பெரிய பாத்திரம் உங்கிட்டதான்டி இருக்கு" என்று தூக்கிக்கொண்டு போனாய். ஒரு வார்த்தை கேட்டாயா?

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, புருஷன் விசாவில் அமெரிக்காவுக்கு, இந்த பிரிட்ஜ்வாட்டருக்கு வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாமல் உட்கார்ந்திருந்தாய். உன் நிலைமையில் இருந்த மற்றவர்கள் கோயில் கேன்டீனில் தோசை சுடப் போனார்கள். நீ நூலகத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு, பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களை வளர்த்த டேவ் என்ற தச்சரிடம் சம்பளமில்லாமல் சேர்ந்தாய். உனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. அதனால் நானும் சேர்ந்தேன் என்று அர்த்தம். சனிக்கிழமைதோறும் ஒரு மணிநேர டிரைவ். பன்னிரண்டு நாய், நாற்பத்தெட்டுப் பாதம். ஒவ்வொன்றிலும் விரலிடுக்கில் களிம்பு தடவி, துணியில் தைத்த குட்டிச் செருப்பை மாட்ட வேண்டும். என் மகள் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் குளிர்காலத்தில் மேய்ன் மாநிலத்தில் இருநூறு மைல் பந்தயம். டேவ் நாய்களோடு காட்டுக்குள் போவார். நாம் ட்ரக்கை ஓட்டிக்கொண்டு ரோடு வழியாகப் போய் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன் என் அண்டாவில் சூப். வெறும் தண்ணீரை அந்த மகாராஜாக்கள் குடிக்க மாட்டார்கள், கொழுப்பு மிதக்க வேண்டும்.

இரண்டாவது நிறுத்தத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும் நாய் ஜூனோ, கிண்ணத்தை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விதிப்படி நாம் நாயைத் தொட்டால் டேவின் பந்தயம் அதோடு முடிந்தது. நீ நம்மைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, ஜாக்கெட் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றாய். பந்தய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சோர்வுதான், முடிவு உங்களுடையது என்று டேவிடம் சொல்லிவிட்டுப் போனார். டேவ் அப்போது மூன்றாவது இடத்தில் இருந்தார். அவர் வண்டியில் பூட்டும் வாரை எடுத்ததுமே ஜூனோ துள்ளி எழுந்து வாலாட்டியது. "பார், ஓட ஆசைப்படுகிறாள்" என்றார்.

"அவளிடம் கேட்காதே டேவ்" என்று நீ கத்தினாய். "ஓடுகிற நாய் எப்போதும் ஓடுகிறேன் என்றுதான் சொல்லும். ரோமத்துக்குள் கையை விட்டுப் பார்!"

அவர் கையுறையைக் கழற்றி விலாவைத் தடவினார். எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியிருக்க வேண்டும், திரும்பவும் தடவினார். பிறகு ஜூனோவை அவிழ்த்து நம்மிடம் கொடுத்தார். ஒன்பதாவதாக வந்தார். ஜூனோவுக்கு வயிற்றில் புண் இருந்ததாம். இன்னும் ஓடியிருந்தால் பிழைத்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது ஜூனோ உன் மடியில் தூங்கியது. நீ இருமிக்கொண்டே வந்தாய்.

"என்னடி இது, ஒரு மாசமா இருமற?"

"குளிருடி. ஐ ஆம் ஃபைன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"அப்பாயின்ட்மென்ட் எடுக்கட்டுமா?"

"சீசன் முடியட்டும்டி."

அந்த ஜாக்கெட் உனக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டதைப் பார்த்தேன். டயட் என்றாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபைன் என்றாய். சீசன் முடிந்து நீ டாக்டரிடம் போனபோது நுரையீரலில் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டாய். ஊருக்குத்தானடி உபதேசம்! ஒரு நாய் ஒரு வேளை சாப்பிடாததற்குப் பந்தயத்தைக் கெடுக்கத் தெரிந்தவளுக்குத் தன் இருமல் கேட்கவில்லையா? எனக்கு எரிச்சலாக வருகிறது. என்மேலும்தான். நமக்கு நடுவில் எந்தக் கயிறும் இல்லை. நான் உன்னைத் தொட்டிருந்தால் யாரும் எதிலிருந்தும் விலக்கியிருக்க மாட்டார்கள். நான் வாயால் கேட்டதோடு சரி.

போன மாதம் இவர் சாப்பிட்டு எழுந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். கேஸ்தான் என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் கை வைத்தேன், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஏன் இப்படி சீன் போடற? ஐ ஆம் ஃபைன்."

"ஃபைன்னு சொன்னவள எனக்குத் தெரியும். கார்ல ஏறுங்க."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஹாலில் உட்கார்ந்து, உப்பில்லாத ரசத்துக்காக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நன்றாகத் திட்டட்டும்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. உன்னையும் ஒருநாள் இப்படி இழுத்துக் காரில் போட்டிருந்தால் நீ இவரைவிட அதிகமாகத் திட்டியிருப்பாய். ஒரு வருஷம் என்னோடு பேசாமல்கூட இருந்திருப்பாய். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளாமல் விட்டதுதான்டி எனக்கு இன்னும் ஆறவில்லை.