வலி மேலே இருந்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மனைவியின் தாய்மாமன் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது. நான் சுகம். மற்றதைப் பதறாமல் படியுங்கள்.

உங்கள் கப்பலுக்குப் போன் போகவில்லை. கம்பெனி ஆபீசில் பேசினேன். என் குரலைக் கேட்டதும் மேனேஜர் எழுந்தே நின்றிருப்பார். கடிதம் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்களாம்.

நேற்றுக் காலை பாப்பாவுக்கு வயிற்றுவலி. ஏழு மாசக் கர்ப்பம். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா மாமா என்றாள். என்னிடமா! குடல்வால் ஆபரேஷனில் நாலு டாக்டரை ஆறு மணி நேரம் திணறடித்தவன் நான். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். குடல்வால் என்றால் இதோ, இடுப்புக்குப் பக்கத்தில் வலிக்கும். உனக்கு மேலே வலிக்கிறது, வெறும் வாயு என்றேன். உங்களுக்குத் தெரியாததா என்று படுத்துவிட்டாள்.

இன்று காலை காய்ச்சல். ஆட்டோவில் பறந்து வந்தோம். ஸ்கேனில் சரியாகத் தெரியவில்லை என்று பெரிய காந்த மிஷினுக்குள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். குடல்வால்தான். டாக்டரம்மாவிடமும் தழும்பைக் காட்டி வாதாடினேன். கர்ப்பப்பை வளர வளரக் குடல்வாலையும் மேலே தள்ளிவிடுமாம். உங்கள் வயிற்றில் குழந்தை இருந்ததா பெரியவரே என்று கேட்டார். நர்சுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று அடுத்துக் கேட்டார். இன்று காலை என்றேன்.

வெடித்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னாலேயே ஓடிப்போய், இல்லைம்மா, நேற்றுக் காலை என்றேன். அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. நடந்துகொண்டிருந்தவர் ஓட ஆரம்பித்தார்.

குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. இதில் ஜோடனை இல்லை. பாப்பாவை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு முன்னால் என் விரலைப் பிடித்து, அவருக்குப் பெரிசுபடுத்தி எழுதாதீங்க மாமா என்றாள்.

அதனால் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். என் ஆபரேஷன் ஆறு மணி நேரம் என்றேனே, முக்கால் மணி நேரம்தான் மாப்பிள்ளை. இவள் உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. நர்சுகள் கதவைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். யாரும் என் பக்கம் பார்ப்பதில்லை.

நீங்கள் வந்து என்னைத் திட்ட வேண்டும். அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று திட்ட வேண்டும். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வேன். அதற்காவது இரண்டு பேரும் நல்லபடியாக வெளியே வரட்டும்.

இப்படிக்கு,
கதவைப் பார்த்தபடி,
உங்கள் மாமன்