மேற்கு ஓரத்து விளக்கு

உ

தென்காசி,
ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள்.

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, காற்றடிக்கிற மாதத்தில் அது எப்போது சுகமாக இருந்திருக்கிறது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளை மணிகண்டபிரபுவும் அந்த வலி கூட இல்லாமல் இருக்க முப்பிடாதி அம்மன் துணை இருக்கட்டும். தெரு வாட்ஸப் குழுவில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, இத்தனை பொம்பளையாளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்தானா என்று இன்று காலையில் கேட்டிருந்தாய், கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று. நான்தான். போனில் சொன்னால் ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாயிற்று என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அப்பன் ஜெயித்துவிட்டான்.

உங்கம்மை நம் தெரு கோவில் திருவிளக்கு பூசையில் ஐந்து ஆடி உட்காருவதாக நேர்ந்திருந்தது உனக்குத் தெரியும். நான் ரிட்டயர் ஆன வருஷம் ஆரம்பித்து நாலு ஆடி உட்கார்ந்தாள், ஐந்தாவது வருவதற்குள் போய்விட்டாள். எதற்கு நேர்ந்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள், உன் வேலைக்கும் விசாவுக்கும்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேலியும் பண்ணுவேன். பித்தளை விளக்கைக் கழுவிப் பொட்டு வைத்து அம்மன் என்கிறாயே, நான் முப்பத்துமூன்று வருஷம் ஹெட்லைட் போட்டு பஸ் ஓட்டினேனே அதையும் கும்பிடேன் என்பேன். மொதல்ல அதத் துடைங்க, பெறவு கும்பிடுதேன் என்பாள். அந்த முப்பத்துமூன்று வருஷத்துக்குக் கொடுத்த 'விபத்தில்லா ஓட்டுநர்' சான்றிதழ் ஹாலில் தொங்குவதும், நான் ஒவ்வொரு கடிதத்திலும் பெயருக்குக் கீழே அதைப் போட்டுக்கொள்வதும், நீ அதைச் சொல்லிச் சிரிப்பதும் தெரிந்த கதை. அவள் தலைத் திவசம் முடிந்தபின் அந்த விளக்கைப் பார்க்கிறபோதெல்லாம் வண்டி பாதி வழியில் நிற்பது போலவே இருந்தது. நீ வந்து முடித்து வைக்கிறேன் என்றாய், லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதில் யாராவது ஒருத்தியை உட்கார வைக்கலாம் என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் ஒரு ட்ரிப்பையும் பாதியில் விட்டவன் இல்லை.

பூசைக் கமிட்டியை நடத்துவது ஜெயசித்ரா, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவள், எட்டாம் நம்பர் வீடு. நேரே போய்க் கேட்டேன். நீங்க வந்து நடுவுல உக்காந்தா பொம்பளப் பிள்ளைக கூச்சப்படாதா அண்ணாச்சி என்றாள். கருவறையில் விளக்கேற்றுவது ஆம்பளை, கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவது ஆம்பளை, இதற்கு மட்டும் என்ன என்றேன். அவள் லேசுப்பட்டவளா, அதெல்லாம் கோவில் விளக்கு, இது வீட்டு விளக்கு, வீட்டை நடத்துகிறவள் தன் கையால் கொண்டுவந்து, தெருவில் எல்லா வீட்டு வெளிச்சமும் ஒரே இடத்தில் சேருவதுதான் இந்தப் பூசை என்றாள். சரி, ஒன்றரை வருஷமாக என் வீட்டை நடத்துவது யார் என்று கேட்டேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். மூன்றாம் தடவை போனபோது கமிட்டி முடிவு வந்தது, கோவில் கொட்டகையின் மேற்கு ஓரத்தில் கடைசி இடம் தருவார்கள், சம்மதமா. ஆரியங்காவு கணவாயில் இருந்து வருகிற காற்று நேரே வந்து மோதுகிற இடம் அது, யாரும் கேட்கமாட்டார்கள். சம்மதம் என்றேன். நோட்டில் பெயர், நட்சத்திரம், வேண்டுதல் எழுத வேண்டும் என்றாள். கடைசியாக உங்கம்மை எழுதியதையே எழுதுங்கள் என்றேன். ஜெயசித்ரா பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு மாதம் ஒத்திகை. சிரிக்காதே. முதல் நாள் பழக்கதோஷத்தில் டேங்க் நிரப்புகிற மாதிரி விளிம்பு வரை எண்ணெயை ஊற்றிவிட்டேன், ஐந்து திரியும் முங்கிவிட்டன. மறுநாள் திரியைத் தடியாக முறுக்கி, பூசை அறை மேல்தட்டெல்லாம் கரி. விளக்கு லேசாக ஆடுகிறதே என்று தண்டின் மரையை ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டேன், கழற்ற முடியாமல் இரண்டு நாள் தவித்தது தனிக்கதை. என்னோடு கொல்லம் வண்டியில் பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக இருந்த மூசாதான் செக்கு நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தான், வந்தவன் அந்த ஸ்பேனரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் ஒன்று, தினமும் சாயங்காலம் சுடரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் எனக்கு ஏதோ பிடிபட்டது. ஏற்றிவிட்டோம் என்று எழுந்து போய்விட முடியாது, திரியைத் தூண்ட வேண்டும், எண்ணெய் பார்க்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது போலத்தான்.

நேற்றுச் சாயங்காலம் ஐம்பத்தோரு விளக்கு. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கிறது, சாரலோடு காற்றும் கொட்டகைக்குள் புகுந்தது. பூசைப் புத்தகத்தில் விளக்கின் அடி பிரம்மா, தண்டு விஷ்ணு, அகல் சிவன், ஐந்து முகமும் ஐந்து குணம் என்று வாசித்தார்கள், அதில் நிதானம் என்று ஒன்று வந்ததும் இது டிரைவருக்கும் எழுதியதுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நூற்றெட்டுப் போற்றி நாற்பதைத் தாண்டவில்லை, ஒரு காற்று வந்தது பார், நடுவரிசையில் பாதி விளக்கு அணைந்துவிட்டது. என் வரிசை அணையவில்லை. சாமி அருள் என்று சொல்லமாட்டேன், முதுகு. காற்று எந்தப் பக்கம் இருந்து எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா, போனவுடனேயே மேற்கே முதுகைக் காட்டி, தோள்துண்டை விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அடுத்து இருந்த இசக்கிசெல்வி விளக்கில் இருந்து அந்த வரிசை முழுக்க அசையாமல் எரிந்தது. ஜெயசித்ராவின் விளக்கு ஐந்து முகமும் போய்விட்டது. தீப்பெட்டி சாரலில் நமத்துவிட்டது. எழுந்து வந்தாள், என் முன்னால் குனிந்தாள், உங்கம்மை விளக்கில் இருந்து திரியைப் பற்றவைத்துக்கொண்டு போய்த் தன் விளக்கை ஏற்றினாள், அவளிடம் இருந்து அடுத்தவள், அடுத்தவள் என்று கொட்டகை முழுக்க வெளிச்சம் திரும்பி வந்தது. என் விளக்கில் வெளிச்சம் ஒரு துளியும் குறையவில்லை. நீ பார்த்த போட்டோ அந்த நேரத்தில் எடுத்தது. அதுதான் நான் அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன்.

பூசை முடிந்து, வாயால் ஊதாமல் பூவால் சுடரைக் குளிர வைத்துவிட்டு எழுந்தேன். ஜெயசித்ரா அந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, அடுத்த வருஷமும் அந்த எடம் ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி, மதினி என்ன எழுதியிருக்காவன்னு பாருங்க என்றாள். ஐந்து ஆடிக்கும் ஒரே வரி. 'வேலை முடிகிற வரை என் வீட்டுக்காரர் வண்டியில் ஓர் உயிரும் போகவில்லை, தாயே நன்றி.' நாலு உங்கம்மை கையெழுத்து, ஒன்று ஜெயசித்ரா கையெழுத்து. வேல்விழி, நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஐந்தருவி ரோட்டில் ஒரு பெண் ஈரத்தலையோடு என் வண்டிக்குக் குறுக்கே வந்துவிட்டாள், ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. வீட்டுக்கு வந்து என் பிரேக்கின் பெருமையைத்தான் அளந்தேன். உங்கம்மை நீட்டிய காப்பியை வாங்குகிறேன் என்று பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன், அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள், பொழுதடைகிற நேரம்தானே என்று இருந்துவிட்டேன். நேற்று நோட்டைப் பிடித்துக்கொண்டு ஐம்பது பேர் முன்னால் அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை. அவள் நேர்ச்சையை அவள் விளக்கிலேயே முடித்துவிட்டேன், அதைவிட என்ன வேண்டும்.

ஹாலில் தொங்கிய சான்றிதழை இன்று காலையில் எடுத்துப் பூசை அறையில் அந்த விளக்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன், கரி படிந்தால் படியட்டும். நீ வெள்ளிக்கிழமை ஏற்றுகிற சின்ன விளக்கை, புகைக்கு மணி அடிக்கிறது என்று நிறுத்திவிடாதே, திரியை மெல்லிசாக முறுக்கு, ஜன்னல் ஓரத்தில் வை, கொஞ்ச நேரமாவது பக்கத்தில் உட்கார். அங்கே மழையில் ரோடு வழுக்கும், மாப்பிள்ளையை நிதானமாக ஓட்டச் சொல். நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவும் அம்மையும்,
கோமதிசங்கர், ஆவுடைத்தாய்,
விபத்தில்லா ஓட்டுநர்கள்.