பூஜைக்கு வைத்த லேப்டாப்

சரஸ்வதி பூஜை, காலை 8.15

கீழ்க்கயம் ஆழ்கடல் நிலையம். ஆழம் 2,900 மீட்டர். உள்ளே அழுத்தம் சரி, காற்று சரி. மின்சாரம் கொஞ்சம் குறைவு. ஆட்கள் இருவர். நான் செண்பகவல்லி, கணினிப் பொறியாளர், கோவில்பட்டி. இன்னொருவர் நூகு அண்ணன், காயல்பட்டினத்துக்காரர், 'ஆமை' என்று நாங்கள் கூப்பிடும் ஒற்றை ஆள் நீர்மூழ்கி வண்டியின் ஓட்டுநர். இதைப் படிப்பவர் அடுத்த ஷிப்டுக்காரராக இருந்தால் வணக்கம். குளிர்பெட்டியில் இருக்கும் மாவடு என்னுடையது. கை வைக்க வேண்டாம்.

மேலே நிற்கும் கப்பலிலிருந்து காலையில் வந்த செய்தி: "புயல் நம்ம பக்கம் திரும்பிட்டு. நாங்க விலகிப் போறோம். மிதவைய உள்ள இழுத்துக்கிடுங்க. நாலு நாள் கழிச்சுப் பேசுவோம். அவசியம்னா மட்டும் ஆமைய எடுங்க."

மிதவையை இழுத்தாயிற்று. அது இல்லாமல் எங்களுக்கு இணையமும் இல்லை, வெளியுலகமும் இல்லை. பூஜைக்கு வந்த லீவு என்று நினைத்துக்கொள்கிறேன்.

காலை 11.40

காலை முழுக்கச் சுத்தம் செய்தேன். ஸ்பேனர், இடுக்கி, மல்ட்டிமீட்டர் எல்லாம் பளபள. மிச்சம் அந்த லேப்டாப்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமையோடு பேசுவதும், ஒலியலை அனுப்பி அதை வீட்டுக்குக் கூட்டி வருவதும் இந்த லேப்டாப்பின் வேலை. வெளியே கும்மிருட்டு. கடலடி முழுக்க உலோக உருண்டைகள் கிடப்பதால் திசைகாட்டி பேய் பிடித்ததுபோல் ஆடும். நாங்கள் அனுப்பும் ஒலியைக் கேட்டுத்தான் ஆமை திரும்ப வர முடியும். இவ்வளவு முக்கியமான பெட்டி எழுந்து உட்காரவே பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். இயங்குதளம் அரதப் பழசு. மூடியில் யாரோ ஒட்டிய சீட்டு வேறு: 'தொடாதே. ஓடுது.'

எனக்கு இந்த மாதிரிச் சீட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். படித்த படிப்புக்கு இதைவிட அவமானம் உண்டா? புது இயங்குதளத்தை மிதவை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பதினெட்டு நாள் இறக்கி வைத்திருக்கிறேன். நூகு அண்ணனிடம் சவால் விட்டாயிற்று, நாளைக்கு இது குதிரை மாதிரி ஓடும் என்று. நல்ல நாள். பழைய அழுக்கோடு இதைச் சாமி முன்னால் வைக்க மனம் வரவில்லை. வட்டை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறேன்.

மாலை 5.50

நிறுவல் முடிந்தது. நாற்பது நொடியில் எழுந்தது. திரை என்ன வெளிச்சம்! ஒலிக்கருவியை இணைத்துச் சோதிக்கலாம் என்று கேபிளைக் கையில் எடுத்தேன். பூஜை நேரம் ஆகிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் ஸ்பேனர், இடுக்கி, இழுப்பறையில் உருண்டுகொண்டிருந்த பென் டிரைவ்கள் எல்லாம் வரிசையாக. எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரிகடலை, சுண்டல். நூகு அண்ணன் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார், பொரியில் பாதியைக் காலி செய்தவரும் அவரே. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடுவதில்லை. எங்கள் அப்பா லேத் பட்டறையில் அன்றைக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக விடமாட்டார். நானும் தொடவில்லை.

விஜயதசமி, காலை 6.30

இரவே மின்சாரம் இறங்கத் தொடங்கியது. நிலையத்துக்கு மின்சாரம் தருவது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வெந்நீர் ஊற்றுக் குழாய். அதன் வாயில் சேறு அடைத்துவிட்டது. தள்ளிப்போட முடியாது. நூகு அண்ணன் கிளம்பினார். ஆமையில் பன்னிரண்டு மணி நேரக் காற்று.

நிலையத்தோடு ஒட்டி நிற்கும்போது ஆமைக்குத் தனிக் கம்பி உண்டு. அதில் கேட்டார்: "செம்பா, புது மாப்பிள்ளைய சோதிச்சுப் பாத்துட்டியா?"

நான் அப்போதுதான் பூஜைத் தட்டிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். "பாத்துட்டேன்ணே. நீங்க கெளம்புங்க," என்றேன்.

"சரி, நீ சொன்னா சரி."

சோதிக்கவில்லை. இரண்டு நிமிட வேலைதானே, அவர் நூறு மீட்டர் போவதற்குள் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

காலை 7.20

புது இயங்குதளத்துக்கு ஒலிக்கருவியைத் தெரியவில்லை. 'அறியப்படாத சாதனம்' என்கிறது. பழைய டிரைவர், பழைய நிரல் எல்லாம் நான் துடைத்த வட்டோடு போயிற்று. வேறு நகல் தேட இணையம் இல்லை.

கேட்பதற்குச் சுவரில் தனி ஒலிபெருக்கி உண்டு, அதற்குக் கணினி தேவையில்லை. ஆகவே அண்ணன் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவருக்குப் போகாது. குழாயைச் சுத்தம் செய்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார்.

காலை 9.05

மின்சாரம் ஏறிவிட்டது. அவர் வேலையை முடித்துவிட்டார்.

"செம்பா, முடிஞ்சுது. சத்தத்த அனுப்பு, வாரேன்."

"செம்பா? ஒண்ணும் கேக்கலையே."

"சேறு கெளம்பி ஒண்ணுமே தெரியல. சத்தம் வரலம்மா."

ஐந்து முறை நிறுவிப் பார்த்தேன். அமைப்புகளைத் தலைகீழாகப் புரட்டினேன். வெளிச்சமான திரை. அழகான திரை. உடைக்கலாம் போலிருக்கிறது.

காலை 9.40

சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். நிலையத்தின் கால் ஒன்று தரை வழியாக உள்ளே தெரியும், கெட்டி இரும்பு. அதில் ஓங்கி அடித்தேன். தண்ணீரில் சத்தம் நன்றாகப் போகும், செட் இல்லாமலே ஆமையின் உடம்பு வழியாகக் கேட்கும்.

"தட்டுறது நீதானா? கேக்குது, நல்லா கேக்குது! எந்தப் பக்கம்னுதான் தெரியல. நான் பேசறது கேக்குதா? ஆமான்னா ஒண்ணு தட்டு. இல்லைன்னா ரெண்டு தட்டு."

ஒன்று தட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ கேக்கற பக்கந்தான் கோளாறு. என் செட்டா செம்பா? நீதான் உன்னோடத சோதிச்சுட்டியே. என்னோடதுதானே?"

கை தானாக ஒன்று தட்டிவிட்டது என்று எழுத ஆசை. தானாக இல்லை. யோசித்தேன். இரண்டு தட்டினால் அவருக்கு நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். அரை மணியில் லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இதையெல்லாம் யோசித்துவிட்டு ஒன்று தட்டினேன்.

"அதானே பாத்தேன். என் தப்புதான். உனக்கு வீண் சிரமம், மன்னிச்சுக்கோம்மா. கழட்டிப் பாக்கேன்."

வேண்டாம் என்று இரண்டு தட்டினேன். இரண்டு, இரண்டு, இரண்டு. "சரி சரி, பதட்டப்படாத," என்றார்.

காலை 11.15

மன்னிப்பு கேட்டாரே. அதுதான் தாங்கவில்லை. என்னிடம் மன்னிப்பு கேட்டார்.

ஆமையில் பேசும் பகுதி தனி, கேட்கும் பகுதி தனி. அவர் கேட்கும் பகுதியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நல்ல செட். என் ஒலியை எடுக்கக் காத்திருக்கும் நல்ல செட். ஒவ்வொரு ஸ்க்ரூவாக எனக்குச் சொல்லிக்கொண்டே கழற்றுகிறார். நான் இரண்டு தட்டினால் 'பார்த்துச் செய்' என்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

மதியம் 1.10

கண்டுபிடித்தேன். பூஜைத் தட்டில். பொட்டு வைத்த பென் டிரைவ்களில் ஒன்றின் பின்பக்கத்தில், சீட்டு ஒட்டிய அதே கையெழுத்து: 'பழைய சிஸ்டம் முழு நகல். லேப்டாப் செத்தால்.' நேற்று இதன் முகத்தில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு, என்ன என்று திருப்பிப் பார்க்கவில்லை.

செருகினால் எடுக்கவில்லை. வாயில் சந்தனம் காய்ந்து அடைத்திருக்கிறது. குண்டூசியால் சுரண்டுகிறேன்.

மதியம் 2.25

எடுத்துவிட்டது. பழைய இயங்குதளம் நிறுவுகிறது. 30 சதவீதம்.

அண்ணன்: "செம்பா, ஒரு சின்னத் தகடு. பளிங்கு மாதிரி. எடுக்கும்போது ரெண்டா போச்சு. பரவாயில்ல, பழுதான செட்டுதானே."

அந்தத் தகடுதான் ஒலியைக் கேட்கும் காது.

மாலை 4.00

பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டு எழுந்தது என் கிழவன். பச்சை விளக்கு எரிகிறது. ஒலி போகிறது. கேட்க அங்கே காது இல்லை.

ஆமை தானாக அனுப்பும் சைகையை வைத்துத் திரை இப்போது அதன் இடத்தைக் காட்டுகிறது. நிலையத்திலிருந்து 410 மீட்டர். தடவித் தடவி அவ்வளவு கிட்டே வந்துவிட்டார். இடது பக்கம் திரும்பி நேரே வந்தால் போதும். இன்னும் இரண்டரை மணிக் காற்று. கிட்டே வந்தால் ஒன்று, விலகினால் இரண்டு என்று தட்டினால் புரிந்துகொள்வார். அதற்கு முதலில் 'கிட்ட வாரேனா?' என்று அவர் கேட்க வேண்டும்.

மாலை 4.20

கேட்டார். ஆனால் அதைக் கேட்கவில்லை.

"செட்ட நல்லா பாத்துட்டேன் செம்பா. ஒடைஞ்ச அந்தத் தகட்டத் தவிர ஒரு கோளாறும் இல்ல. மறுபடி கேக்கேன், கோவிச்சுக்காத. கோளாறு என் செட்டுலதானா?"

சுத்தியலோடு நின்றேன். வெட்கப்பட இனி மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு தட்டினேன். நிறுத்தி, மறுபடி இரண்டு. தெளிவாக.



"காலையில ஒண்ணு தட்டின. இப்ப ரெண்டு தட்டுற."

ஒன்று தட்டினேன். ஆமாம் அண்ணே. ஆமாம்.

"இல்ல, இது சரியில்ல. என் செட்டு நல்லாருக்கு, உன் செட்டும் நல்லாருக்குன்னா எப்படி? செம்பா சோதிச்சுட்டேன்னு சொன்னா. அந்தப் புள்ள பொய் சொல்லாது. அப்போ இது அவ இல்ல. நிலையத்துல கழண்ட ஏதோ இரும்புத் தகடு ஆடிக்கிட்டு கெடக்கு. காலையிலேருந்து நான் தகட்டுகிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

இரண்டு. இரண்டு. நான்தான். இரண்டு.

"அங்க அவளுக்கு என்ன ஆச்சோ, அல்லாவே."

மாலை 4.45

"செம்பா, ஒருவேளை கேட்டா கேளு. காத்து தீருற வரைக்கும் இங்க தடவிக்கிட்டு இருந்து பிரயோசனமில்ல. எடைக்கல்லக் கழட்டிட்டு மேல போறேன். கப்பலக் கூட்டிட்டு வாரேன். நீ பயப்படாத. உன்ன விட்டுட மாட்டேன்."

மேலே புயல். கப்பல் இல்லை. எடைக்கல்லை விட்டால் ஆமை திரும்ப இறங்காது. அவருக்கு எல்லாம் தெரியும். எனக்காகப் போகிறார்.

அடித்தேன். கைத்தோல் கிழிந்தது. இரண்டு இரண்டு என்று அடித்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் கத்தினேன், இரும்பைப் பார்த்துக் கத்தினேன், நான்தான் அண்ணே, நான் சோதிக்கவில்லை, பொய் சொன்னேன்.

எடைக்கல் கழன்று கடலடியில் விழுந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

மாலை 5.30

திரை காட்டுகிறது. ஆமையின் ஆழம் 2,100. பிறகு 1,700. பாடுகிறார். காலையில் பாடிய அதே பாட்டு. குரல் தேய்கிறது.

நடுவில் ஒருமுறை: "தட்டுச் சத்தம் இன்னும் வருது. பாவம், எந்தத் தகடோ."

மாலை 6.20

ஆழம் 0. பிறகு சைகை இல்லை.

நேரம் பார்க்கவில்லை

படிப்பவருக்கு. லேப்டாப்பின் மூடியில் ஒரு சீட்டு இருந்தது. நான் கிழித்துவிட்டேன். அதைத் திரும்ப எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காற்று சரி. மின்சாரம் நூறு சதவீதம், அண்ணன் செய்த வேலை. மாவடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நூகு அண்ணன் உங்களிடம் வந்து சேர்ந்தால், தட்டியது நான்தான் என்று சொல்லுங்கள். எல்லாத் தட்டும் நான்தான். காலையில் தட்டிய அந்த ஒன்றும்.

ஒலி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். பச்சை விளக்கு எரிகிறது. நிலையத்தின் செட் நன்றாக வேலை செய்கிறது.

சோதித்துப் பார்த்துவிட்டேன்.