வெள்ளிக்கிழமை வோல்டேஜ்

2-12-85, திங்கள்

காலையில் பனி. ஏழு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. குளிர் ஜாஸ்தி.

சைக்கிள் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, சங்கிலி போட்டு. சாவி சேகர் சட்டைப் பையில். பிள்ளை அப்பனைப் பூட்டவில்லை, சைக்கிளைத்தான் பூட்டினான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ரெண்டும் ஒன்றுதான். ஏரி மூன்று மைல். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நடந்து போக முடியுமா.

நடந்தது இவ்வளவுதான். போன வியாழன் விடியலில் தூண்டிலோடு கிளம்பினேன். தோல் டேனரிக் கழிவுநீர்க் கால்வாய்த் திருப்பத்தில் தெருவிளக்கு எரியவில்லை. சைக்கிளோடு கால்வாயில் இறங்கிவிட்டேன். கால் ரெண்டும் சாய நீலம். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாயிற்று, நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. சேகர் ஓடிவந்து தூக்கினான். தூக்கும்போதே, "விளக்கு எரியுதே நைனா" என்றான். எரிந்ததாம். விழுந்த பிறகு வந்திருக்கும். முப்பத்தொரு வருஷம் டேனரி எலெக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு விளக்கு எரிகிறதா இல்லையா என்று இவன் சொல்லித் தருகிறான்.

கண்ணை டாக்டரிடம் காட்டினால் அன்றைக்கே சாவி தருவானாம். காட்ட மாட்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. வோல்டேஜ் கம்மி. ஊர் முழுக்கக் கம்மி.

செய்ய வேண்டியவை:
தெருவிளக்குக்கு நகராட்சிக்கு மனு.
கூடத்துக்கு 60 வாட் பல்பு.
தூண்டில் முள் கட்டுதல், 4.
பாத்ரூம் ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, பதினைந்து வாட் இழுக்கும். இரவெல்லாம் எரிகிறது. கழற்றப் போவதை மருமகளிடம் சொல்ல வேண்டும்.

3-12, செவ்வாய்

40 வாட்டைக் கழற்றி 60 போட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்.

மருமகள் வசந்தா கூடத்தில் உட்கார்ந்து ஷூ மேல்தோல் தைக்கிறாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும், சாயந்திரத்துக்குள் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். கறுப்புத் தோலில் கறுப்பு நூல். அந்த 40 வாட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தவள்தான். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "பழக்கம் மாமா" என்கிறாள்.

முள்ளின் காதில் தூண்டில் நரம்பு நுழையவில்லை. ஒரு மணி நேரம். எச்சில் தொட்டு, முறுக்கி, என்னவெல்லாமோ செய்தேன். அவள் எழுந்துவந்து வாங்கி நாலையும் நுழைத்துவிட்டுப் போனாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

4-12, புதன்

100 வாட். உச்சந்தலையில் சூடு இறங்குகிறது, வெளிச்சம் இறங்கவில்லை. குண்டு பல்பு என்பது முக்கால்வாசி அடுப்பு. எத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். 100 வாட் பல்பு தரும் வெளிச்சத்தை 40 வாட் டியூப் தரும். பாதிக்கும் கீழே கரண்ட். டேனரி வரவுசெலவு அறையில் இதைச் சொல்லித்தான் முதல் டியூபைப் போட வைத்தேன். என் வீட்டுக் கூடத்தில் மட்டும் குண்டு பல்பு.

சேகரிடம் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் சாயந்திரமே டியூபும் சோக்கும் வாங்கி வந்துவிட்டான். சாவியைக் கேட்டால் மட்டும் காது கேட்காது.

5-12, வியாழன்

டியூப் மாட்டியாயிற்று. நானே. வசந்தா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஒயரைக் கையே தேடிப் போய் முடுக்கிவிட்டது. இருட்டில்கூடப் போடுவேன்.

மாலை 6.45. ஸ்விட்ச் போட்டதும் உடனே பிடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் டிக் டிக் என்று ஏழெட்டுத் தடவை அடித்துக்கொண்டு பிறகுதான் பிடித்தது. வசந்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பட்டப்பகல் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குக் கஞ்சித் தண்ணீருக்குள் எரிவது போலத்தான் இருந்தது.

வோல்ட் மீட்டரை எடுத்தேன். ரிட்டையர் ஆனபோது பட்டறை ஆட்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ஊசி தெரிகிறது, எண் தெரியவில்லை. மீட்டர் கண்ணாடியில் கீறல். வசந்தாவைப் படிக்கச் சொன்னேன். வோ. 185.

பார், நான் சொன்னதுதான். இந்த ஊரில் சாயந்திரம் எல்லா டேனரியிலும் தோல் ஊறும் டிரம் சுற்றுகிறது. பெரிய பெரிய மோட்டார். கரண்டை எல்லாம் அது குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்கு விடும். வெள்ளிக்கிழமை தொழுகை நாள், டேனரி லீவு. டிரம் நிற்கும். அன்றைக்கு மட்டும் 230 வரும். எங்கள் பட்டறையில் நுணுக்கமான டெஸ்ட் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்கென்று தள்ளி வைப்போம்.

நாளை வெள்ளி. சேகரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு இந்த டியூப் எனக்குப் பளிச்சென்று தெரிந்தால் கண்ணில் கோளாறு இல்லை, சாவி என் கைக்கு வர வேண்டும். "தெரியலன்னா?" என்றான். தெரியும் என்றேன்.

6-12, வெள்ளி

மத்தியானத்திலிருந்து தூறல். மாலை ஆறரைக்குக் கரண்ட் கட். ஒன்பது வரை வரவில்லை. பிறகு தூக்கம்.

கரண்ட் போனதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

8-12, ஞாயிறு

கரீம் பாய் வந்தார். தூண்டில் தோஸ்த். டேனரியில் தோல் ரகம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். தாமரை இலையில் ரெண்டு கெண்டை கட்டி எடுத்து வந்தார். ஏரியில் தண்ணீர் முழுசாக நிற்கிறதாம். மதகோரம் இன்னும் நம் இடத்தை யாரும் பிடிக்கவில்லையாம்.

அவர் ஒன்று கேட்டார். ஐப்பசியிலிருந்து நான் தக்கையைப் பார்க்காமல் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்காருகிறேனே, எதற்கு என்று. பனி, தக்கை தெரிவதில்லை என்றேன். சிகப்புச் சாயம் பூசியும் தெரியலையா என்றார். பேச்சை மாற்றினேன்.

போகும்போது, வா என்று வெளியே கூப்பிட்டார். வடக்குப் பக்கத்து வாசலில் நிறுத்தி, முகவாயைப் பிடித்து, தோலைத் திருப்புவது போல இப்படியும் அப்படியும் திருப்பினார். டேனரியில் ரகம் பார்க்கும் கூடத்துக்கு வடக்கே மட்டும்தான் கண்ணாடி. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். அதில்தான் தோல் பொய் சொல்லாது என்பார். நான் எவ்வளவு நல்ல டியூப் போட்டாலும் அதன் கீழே அவர் ஒரு தோலைத் தொட்டதில்லை.

"கண்ணுல புரை விழுந்திருக்குப்பா கோவிந்து, பால் மாதிரி. ரெண்டுத்துலயும். வலது மூணாம் நம்பர், இடது நாலு. ரிஜெக்ட் இல்லே, பயப்படாதே."

வோல்டேஜ் விஷயத்தை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாட்டுத் தோல் பார்த்த ஆள். மனுஷன் கண்ணைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்.

கெண்டைக் குழம்பு. மீனில் முள்ளை வசந்தா எடுத்து எடுத்து வைத்தாள்.

10-12, செவ்வாய்

வெயில். வெளியே போகவில்லை. ஜன்னல், கட்டில், ஜன்னல். தெருவில் போகிறவர்களைச் செருப்புச் சத்தத்தில் அடையாளம் கண்டுகொள்கிறேன். பாதிக்கு மேல் சரியாக வருகிறது.

அந்தப் பூட்டை ஒரு கம்பியை வளைத்து ஒரு நிமிஷத்தில் திறப்பேன். திறக்க மாட்டேன். பூட்டினவன் கையால் வாங்க வேண்டும்.

கண் ஆபரேஷன் பற்றி எனக்குத் தெரியாதா. எங்கள் பட்டறை ஃபிட்டர் செய்துகொண்டார். பதினைந்து நாள் தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை, ஆடாமல் அசையாமல். கட்டுப் பிரித்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்கப்புறம் வீட்டார் அவரைத் தெருமுனைக்கு அனுப்பவில்லை. போய்ப் பார்த்தபோது, உள்ளே உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். பயமாக இருக்கிறது. சேகரிடம் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம்.

மயிலிறகுத் தண்டில் புதுத் தக்கை ஒன்று சீவினேன். முன்னதைவிடப் பெரிது. விரலில் வெட்டு, லேசாக.

நகராட்சிக்கு மனு போடவில்லை. வசந்தா விடியலில் பால் வாங்கப் போனபோது பார்த்தாளாம். அந்தத் தெருவிளக்கு தினமும் எரிகிறது.

13-12, வெள்ளி

மழை இல்லை, கரண்ட் கட் இல்லை. டிரம் சத்தம் காலையிலிருந்தே இல்லை. ஊரே காதைப் பொத்திக்கொண்டது போல இருந்தது.

சேகர் கம்பெனியில் ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பினான். வீட்டில் நானும் வசந்தாவும் மட்டும். மாலை 6.45க்கு மீட்டரைச் சொருகி அவள் கையில் கொடுத்தேன். ஸ்விட்ச் போட்டேன்.

டியூப் ரெண்டு துடிப்பில் பிடித்தது. மேலே அண்ணாந்து பார்த்தேன். கஞ்சித் தண்ணீர். போன வியாழன் எப்படியோ அப்படியே. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்படியே.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நூத்தி எழுபதுதான் மாமா. இன்னிக்கும் கம்மி."

சரி என்றேன்.

170-ல் இந்த டியூப் பிடிக்கவே பிடிக்காது. ஸ்டார்ட்டர் அடித்துக்கொண்டே கிடக்கும். தலைக்கு மேலே ஃபேன் காலண்டர் தாளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 170-ல் ஃபேன் காலண்டரை அசைக்காது. சோக்கு சீராக இரைந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். 230. ஒன்றிரண்டு கூடவே இருக்கும்.

பொய் சொல்லத் தெரியாத பெண். எனக்காகச் சொன்னாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, முள்ளில் நரம்பு கோர்த்துக் கொடுத்தபோதே.

திண்டாட்டம் என்னவென்றால் அவளைக் கோபிக்க முடியவில்லை. இரவுக்கு மோர் மட்டும்.

14-12, சனி

சேகர் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் நேற்று வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்டான். வசந்தா அடுப்படியிலிருந்து, கம்மி என்று முந்திக்கொண்டு சொன்னாள். அவன் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. அவன் முகம் எப்படி இருக்கிறது என்று எத்தனை நாளாகத் தெரியவில்லை?

இன்று பூரா இதுதான்.

15-12, ஞாயிறு

சேகர் சவரம் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை எரநூத்தி முப்பது இருந்துச்சிடா."

ரேஸர் சத்தம் நின்றது. வசந்தா உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றாள். "புதன்கிழமை லீவ் போடறேன் நைனா, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வசந்தா காபி கொண்டுவந்தாள். நீ பார்த்தபோது நூற்றி எழுபதுதான், பிறகு ஏறியிருந்தது, நான்தான் மறுபடி பார்த்தேன் என்றேன். இதுவும் பொய். கணக்குச் சரி.

16-12, திங்கள்

மார்கழி பிறந்தது. கோயில் ஒலிபெருக்கி. வேலூர் போவதைப் பாய்க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.
சட்டை தேய்க்க.
ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க.

18-12, புதன்

வேலூர். பஸ்ஸில் ஜன்னலோரம். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் வரிசை. கண்ணில் சொட்டு மருந்து, எரிச்சல். சின்ன வயசு டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார். பாய் சொன்னதையேதான் சொன்னார், நம்பர் மட்டும் போடவில்லை. ஆபரேஷன் என்றைக்கு என்று சேகர் கேட்டான்.

"புரை இன்னும் முத்தல. முத்தினதும்தான் எடுக்கணும். ஆறு மாசம் கழிச்சி வாங்க."

அதுவரைக்கும் என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். சைக்கிள்? சிரித்தார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று இத்தனை நாள் பயந்தேன். இப்போது அதுவும் இல்லை. கண் இன்னும் கெட வேண்டும், அதற்கு உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் சேகர் என் கையைப் பிடித்துப் பிரித்து உள்ளங்கையில் எதையோ வைத்தான். சாவி. "சொன்னேன் இல்ல, காட்டினா அன்னிக்கே தரேன்னு" என்றான். வீடு வரை அதை மூடிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

19-12, வியாழன்

விடியலில் கீழே இறங்கினேன். பனி. பூட்டின் துவாரத்தை விரலால் தடவிச் சாவியைப் போட்டேன். திறந்துகொண்டது. சங்கிலியை எடுத்தேன். ஹேண்டில் பாரில் ஈரம். தூண்டிலையும் எடுத்துத்தான் வந்திருந்தேன்.

வாசல் வரை தள்ளினேன். தெரு முழுக்க வெள்ளை. கால்வாய்த் திருப்பம் எங்கே இருக்கிறது என்று நினைவில்தான் இருந்தது. யாரோ செருப்புச் சத்தத்தோடு போனார்கள், யாரென்று தெரியவில்லை. திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து, படிக்குக் கீழே நிறுத்தி, சங்கிலியைப் போட்டுப் பூட்டினேன்.

மேலே வந்தபோது வசந்தா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏறிவரும் சத்தம் கேட்டதும் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவன் பூட்டியிருந்தபோது கோபம் இருந்தது. கோபம் நன்றாக இருந்தது. என்றைக்காவது திறப்பான் என்று இருந்தது.

20-12, வெள்ளி

பனி கம்மி. பாய் வந்தார், ஏரியில் கெளுத்தி என்றார். முதுகு வலி என்றேன். புதுத் தக்கையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பாத்ரூம் ஜீரோ வாட்டைக் கழற்ற வேண்டாம் என்று வசந்தாவிடம் சொன்னேன். எரியட்டும்.

மாலை. டிரம் சத்தம் இல்லை. வசந்தா மீட்டரை எடுத்துவந்து, பார்க்கலாமா மாமா என்றாள். வேண்டாம் என்றேன். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா. நீ தை."